ஆர்கன் வாசிக்கும்போது நினைத்தது

வயலின் பெட்டிதானம்மா அது? பாத்ததும் நினைச்சேன். மேல வைக்காதீங்க, மடியிலயே வச்சுக்கிடுங்க. இந்த டிரைவர் போடுத பிரேக்குக்கு உள்ள இருக்கது நொறுங்கிரும். ஜன்னலைப் பாதி சாத்திக்கிடட்டா? காத்து காதுல அடிக்கி.

கல்யாண ரிசப்ஷனுக்கா வாசிக்கப் போறிய? திருச்செந்தூர்லயா? சரி சரி. நான் அதுக்கு முன்னாடியே கிருபாபுரம் விலக்குல இறங்கிருவேன். இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு.

ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்காதீங்க. வாசிக்கும்போது மனசுல என்ன ஓடும் உங்களுக்கு? வேண்டாம், வேண்டாம், சொல்ல வேண்டாம். நீங்க சிரிக்கதைப் பாத்தாலே தெரியுது. எனக்கும் அதே கததான். அதை வாயைத் திறந்து சொன்னதுக்குத்தான் மூணு ஞாயித்துக்கிழமை என்னை வாசிக்க விடாம எழுப்பி விட்டுட்டாவ.

என் பேரு கெத்சியாள். கரண்டு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. எங்க ஊர் கோயில்ல, கோயில்னா சர்ச்சு, எங்க பக்கம் கோயில்னுதான் சொல்லுவோம், அங்க முப்பத்தோரு வருஷமா ஆர்கன் வாசிக்கேன். முப்பத்தோரு வருஷத்துல பிரசவத்துக்கு ஒரு தடவை, டைபாய்டுக்கு ஒரு தடவை, நானா ரெண்டு தடவைதான் வாசிக்காம இருந்திருக்கேன். மழை பெஞ்சு ஊருக்குள்ள தண்ணி வந்த அன்னைக்கு ஐயரும், பாதிரியாரை எங்க பக்கம் ஐயர்னுதான் சொல்லுவோம், நானும் பதினோரு பேரும்தான். அன்னைக்கும் வாசிச்சேன்.

எங்க ஆர்கன் பீடத்துக்கு இடது பக்கம் சுவரைப் பாத்து இருக்கும். ஜனம் எனக்கு முதுகுப் பக்கம். ஐயர் எப்ப எந்திரிக்காவ, எப்ப கையைத் தூக்குதாவன்னு எனக்குத் தெரியணும்லா? அதுக்காக எங்க வீட்ல அவிய, ஷேவிங் பண்ணுத கண்ணாடியைக் கொண்டு போயி ஆர்கனுக்கு மேல ஸ்க்ரூ வச்சு முறுக்கிக் குடுத்தாவ. அவிய லைன்மேன், முறுக்குத வேலை எல்லாம் சுத்தமா இருக்கும். அந்தக் கண்ணாடியில ஐயர் மட்டுமில்ல, கோயிலே தெரியும். கடைசி பெஞ்சுல தூங்குதவியகூட தெரியும்.

கோயிலுக்கு நூத்தம்பது வருஷம் ஆச்சுன்னு இந்த வருஷம் ஒரு சிறப்பு மலர் போட்டாவ. வாலிபர் சங்கத்துல இருந்து ஷைனின்னு ஒரு பிள்ளை, காலேஜ் படிக்கா, போனை நீட்டிக்கிட்டு வந்தா.

"ஆன்ட்டி, ஆர்கன் வாசிக்கும்போது உங்க மனசுல என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும், குக்கரை அணைச்சனா இல்லையான்னு இருக்கும்."

"நிசமாவா ஆன்ட்டி?"

"நிசமாத்தான். கை அதுபாட்டுக்கு வாசிக்கும். நான் கண்ணாடியில ஆளுகளைப் பாத்துக்கிட்டு இருப்பேன். எஸ்தர் மைனி ரெண்டு வாரமா காணலையே, முழங்கால் வலி கூடிட்டோன்னு நினைப்பேன். ராஜாமணி மக முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு, பரீட்சையில போயிட்டோன்னு நினைப்பேன். நாலாவது பேனுக்குக் கீழ இருக்க பெரியவருக்குக் காத்து ஒத்துக்காது, பக்கத்துல இருக்கவன் எந்திரிச்சு அதை அமத்தக் கூடாதான்னு நினைப்பேன். கல்யாணம்னா, ஜோடி நடந்து வெளிய போகையில காலைப் பாப்பேன். யாருக்காக யாரு நிக்காவன்னு பாப்பேன். எது நிலைக்கும், எது நிலைக்காதுன்னு அதுலயே தெரிஞ்சுரும்."

இதை அப்படியே போட்டுட்டா. ஒரு எழுத்து மாத்தலை. நல்ல பிள்ளை, அவளை நான் குறை சொல்ல மாட்டேன். மேல என் போட்டோ. கீழ பெரிய எழுத்துல "குக்கரை அணைச்சனா இல்லையா" அப்படின்னு தலைப்பு. பிஷப் கையால வெளியிட்டாவ.

மறுநாள் ஆரம்பிச்சுது. வெத்தலைக் கடையில பேச்சு, பால் வாங்குத இடத்துல பேச்சு. "நாம உருகிப் பாடுதோம், இவ கொழம்பை நினைச்சு வாசிச்சிருக்கா." அப்படித்தான் சொல்லியிருக்காவ. சொல்லட்டும். பாடும்போது இவிய என்ன நினைச்சாவன்னு யாரு போயி கேட்டா?

ரெண்டாவது நாள் சாயங்காலம் வேதமாணிக்கம் சார் வீட்டுக்கு வந்தாவ. ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவிய, இப்ப கோயில் கமிட்டிக்குச் செயலாளர். கையில மலர். உள்ள சிவப்பு மையில கோடு போட்டிருந்தாவ, பரீட்சைப் பேப்பர் திருத்துன மாதிரி.

"கெத்சியாள், இது என்னது?"

"நான் சொன்னதுதான் சார்."

"ஆராதனை நடக்க இடத்துல குக்கரா?"

"அணைக்காம வந்தா வீடு எரிஞ்சுரும்லா சார்."

சிரிப்பாவன்னு நினைச்சேன். சிரிக்கலை. "ரெண்டே வரி. வருத்தப்படுதேன்னு எழுதிக் குடுத்துரு. அடுத்த மாசக் கோயில் பத்திரிகையில போட்டு இதை முடிச்சுருவோம்" அப்படின்னாவ.

"பொய் சொல்லியிருந்தா வருத்தப்படலாம். கேட்ட பிள்ளைக்கு நிசத்தைச் சொல்லிட்டு எதுக்கு சார் வருத்தம்?"

"உனக்குப் பிடிவாதம் கெத்சியாள்."

"ஆமா சார். இல்லன்னா முப்பத்தோரு வருஷம் அந்தப் பெஞ்சுல உக்கார முடியுமா? அதுல குஷன் கூடக் கிடையாது."

காப்பியைக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாவ.

அதுக்கப்புறம் பழசை எல்லாம் தோண்டி எடுத்தாவ. "புருஷன் அடக்கத்துக்கே கல்லு மாதிரி உக்காந்து வாசிச்சவதான" அப்படின்னு ஒருத்தி சொன்னாளாம். வாசிச்சேன்தான். ஒன்பது வருஷம் ஆகுது. நெஞ்சு வலின்னு சொல்லி, ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கோயிலுக்குக் கொண்டு வந்தாச்சு, வாசிக்க யாரும் இல்ல. வாசிக்காம அவியளை எப்படி அனுப்ப? போயி உக்காந்தேன்.

அன்னைக்கு என்ன நினைச்சேன்னு கேளுங்க. உங்ககிட்ட சொல்லுதேன், கமிட்டிக்காரவியகிட்ட சொன்னா அதுக்கும் ஒரு கோடு போடுவாவ. கண்ணாடியில அவிய இருக்க பெட்டி தெரியுது. ஆனா பாதிதான் தெரியுது. கண்ணாடி ஒரு பக்கமா சாஞ்சு போயிருக்கு, ஸ்க்ரூ லூசாயிட்டு. பாட்டு முழுக்க அந்த ஸ்க்ரூவைத்தான் நினைச்சேன். வீட்டுக்குப் போனதும் அவியகிட்ட சொல்லணும், சாயங்காலம் வந்து முறுக்கித் தரச் சொல்லணும்னு நினைச்சேன். அவ்வளவுதான். அழக்கூட இல்லை. அப்பவே இப்படின்னா பாத்துக்கிடுங்க, ஒரு நல்ல நினைப்பு எனக்கு எங்க இருந்து வரும்?

மலர் வந்த மறு ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குள்ள போனதும் தெரிஞ்சுது, எல்லாரும் என்னைத்தான் பாக்காவ. நான் கண்ணாடியில பாத்தா, கண்ணாடியில இருந்து அம்பது அறுபது கண்ணு என்னைப் பாக்கு. அதுவரைக்கும் நான் பாப்பேன், அவிய பாட்டுப் புஸ்தகத்தைப் பாப்பாவ. இப்ப தலைகீழா ஆயிட்டு. எனக்கு வேர்த்துட்டு. சரி, இன்னைக்கு ஒரு நாள் இவிய ஆசைப்படுத மாதிரியே இருப்போம்னு கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிட்டேன். ஆண்டவரை மட்டும் நினைப்போம்னு உக்காந்தேன்.

என்ன ஆச்சு தெரியுமா? ஆண்டவரை நினைக்கணும்னு நினைச்சதும், நினைக்கேனா இல்லையான்னு பாக்கத் தோணுது. அதைப் பாத்ததும் கை என்ன பண்ணுதுன்னு பாக்கத் தோணுது. கையைப் பாத்தேன், அவ்வளவுதான், விரலு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கி. ரெண்டாவது பாட்டுல தப்பு. மூணாவது பாட்டுல தப்பு. காணிக்கைப் பாட்டு முடிஞ்சு ஐயர் ஜெபம் பண்ண கையைத் தூக்கிட்டாவ, எனக்குத் தெரியலை, கண்ணாடிதான் சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கே. நான் பாட்டுக்கு அடுத்த சரணத்தை முழுசா வாசிக்கேன். ஐயர் தூக்குன கையோட நிக்காவ.

முப்பத்தோரு வருஷத்துல அந்த ஒரு நாள்தான் நான் ஆண்டவரை நினைச்சு வாசிச்சேன். அன்னைக்குத்தான் ஊரே கேக்கத் தப்பு வந்துச்சு. வெளிய வரும்போது ஒருத்தி சொல்லுதா, "பாத்தியளா, நினைப்பு வேற எங்கயோ இருக்கு."

அந்த வாரமே ரூபன் ஐயர் வந்தாவ. சின்ன வயசு ஐயர், சத்தமாப் பேச வராது. "கமிட்டி ஒரு முடிவு எடுக்க வரைக்கும் நீங்க கொஞ்சம் ஓய்வு எடுங்கம்மா" அப்படின்னாவ.

"ரெண்டு வருஷமா ஓய்வுலதான் இருக்கேன் ஐயரே. யாரு வாசிக்கப் போறா?"

டவுன்ல இருந்து கீபோர்டுக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாவ. நல்ல மனுஷன், அவர் மேல குத்தம் இல்ல. ஆனா அதுல ஒரு பட்டனை அமுக்கினா டிரம்ஸ் தானா அடிக்கும் பாருங்க, அதை அமுக்கிட்டார். எங்க கிழவிகள் ஒவ்வொரு வரியையும் நின்னு நிதானமா, எச்சிலை முழுங்கிப் பாடுத ஆளுக. டிரம்ஸ் முன்னால ஓடுது, இவிய பின்னால ஓடுதாவ. ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்கிப் பாதிப் பேரு உக்காந்துட்டாவ.

நான் ஜனத்தோட பெஞ்சுல உக்காந்து கோயில் பாத்தது அப்பத்தான். என்ன நினைச்சேன்னு நினைக்கிய? ஒண்ணும் நினைக்க முடியலை. முன்னால இருக்கவ கொண்டையைத் தவிர ஒண்ணும் தெரியலை. எஸ்தர் மைனி வந்திருக்காளா இல்லையான்னுகூடத் தெரியாம வீட்டுக்கு வந்தேன். இப்படி உக்காந்துட்டுப் போறதுக்கு எதுக்குக் கோயிலுக்கு வரணும்னு இருந்துச்சு.

மூணாவது ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூட்டம். கோயிலை ஒட்டி இருக்க சின்ன ஹால். ஒன்பது பேரு, ஐயர், நான். மன்னிப்புக் கடுதாசியை அவியளே டைப் அடிச்சு வச்சிருந்தாவ. நான் கையெழுத்து மட்டும் போடணும். பேனாவையும் திறந்து வச்சிருந்தாவ.

"போட மாட்டேன்" அப்படின்னேன். "வேணும்னா இன்னொன்னு எழுதுதேன். இங்க இருக்க ஒன்பது பேரும் இன்னைக்குப் பாட்டுப் பாடும்போது என்ன நினைச்சியன்னு ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்க. அதுக்குக் கீழ என் கையெழுத்தைப் போடுதேன்."

ஐயர் மேஜையைப் பாத்தாவ. அப்பத்தான் வேதமாணிக்கம் சார் மலரை விரிச்சு எனக்கு முன்னால வச்சாவ. சிவப்புக் கோடு. நான் அன்னைக்கு வீட்ல வச்சு அதைச் சரியா பாக்கலை. குக்கருக்குக் கீழதான் கோடு இருக்கும்னு நினைச்சிருந்தேன். குக்கருக்குக் கீழ ஒரு கோடும் இல்ல. கல்யாணத்தைப் பத்திச் சொன்னேன்லா, காலைப் பாப்பேன்னு, அந்த வரிக்குக் கீழ இருந்துச்சு. ரெண்டு கோடு.

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் நீதான வாசிச்ச?" அப்படின்னாவ.

அவிய மக பியூலா. ஒரே பிள்ளை. மூணு வருஷத்துக்கு முன்னால மே மாசம் எங்க கோயில்லதான் கல்யாணம். எட்டு மாசத்துல ஒரு சூட்கேஸோட வந்துட்டா. அதுக்கப்புறம் கோயிலுக்கு வாரதே இல்ல. அனுசரிச்சுப் போகத் தெரியாத பிள்ளைன்னு ஊர்ல பேச்சு. அவளைப் பெத்தவியளே அப்படித்தான் சொன்னாவன்னும் ஒரு பேச்சு.

"நான்தான் சார் வாசிச்சேன்."

"என்ன பாத்த?"

"சார், வேண்டாமே" அப்படின்னாவ ஐயர்.

"கேக்கேன்லா. அவ சொல்லட்டும்."

சொன்னேன். கேட்டா சொல்லுத ஆளுதான் நான். "ஜோடி வெளிய நடந்து போகும்போது பிள்ளை தலையில போட்டிருந்த நீள நெட்டுத்துணி மூணாவது பெஞ்சு முனையில மாட்டிக்கிட்டு சார். பிள்ளை நின்னுட்டா. மாப்பிள்ளை நிக்கலை. பிடிச்சிருந்த கையை விட்டுட்டு, போட்டோ எடுக்கவரைப் பாத்துக்கிட்டே நாலு எட்டு போயிட்டார். அப்புறம் திரும்பிப் பாத்து, எடுத்துட்டு வான்னு தலையை ஆட்டினார். பிள்ளை தானே குனிஞ்சு எடுத்துக்கிட்டுப் பின்னால ஓடிச்சு."

சார் திறந்து வச்ச பேனாவை எடுத்து மூடினாவ. அப்புறம், "ஏன் எங்கிட்ட சொல்லலை?" அப்படின்னாவ.

"நீங்க கேக்கலையே சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழட்டி, மலரை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்கிடாம வெளிய போயிட்டாவ. கூட்டம் அப்படியே கலைஞ்சுட்டு. நானும் வந்துட்டேன்.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன சொல்லியிருக்க முடியும்? தாலி கட்டி, ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடிஞ்சாச்சு. வாசிக்கதை நிப்பாட்டிட்டு எந்திரிச்சு, ஏளா பியூலா, நில்லுன்னு கத்தவா? தோணிச்சு. தோணலைன்னு சொல்ல மாட்டேன். கைகூட ஒரு இடத்துல தடுமாறிச்சு, யாரும் கவனிக்கலை. ஆனா பாட்டு இன்னும் நாலு வரி கிடக்கு. முடிச்சேன். வாசிக்க வந்தவ வாசிக்கணும். அதுல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலைங்கது உண்மைதான், அது வெயிலு. மே மாச வெயிலு அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் பியூலா வந்தா. ஸ்கூட்டரை நிறுத்திட்டு வாசல்லயே நின்னா. மெலிஞ்சு போயிருந்தா.

"அத்தை, அப்பா சொன்னாவ. நீங்க நிசமாவே பாத்தியளா?"

"பாத்தேன்."

"நெட்டு மாட்டினதையா?"

"அவன் தலையை ஆட்டினதையும்."

உள்ள வந்து சேர்ல உக்காந்தா. "எனக்கு அன்னைக்கே இது சரியா வராதுன்னு பட்டுச்சு அத்தை. அப்புறம் அங்க நடந்ததை எல்லாம் சொன்னா, நீயா நினைச்சுக்கிடுதன்னு சொல்லுவாவ. அம்மாவும் சொன்னா, அப்பாவும் சொன்னாவ. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துட்டு. அந்த நெட்டுகூட நானா கற்பனை பண்ணினதோன்னு."

"கற்பனை இல்ல. மூணாவது பெஞ்சு, வலது பக்கம்."

"சொல்லியிருக்கலாம்லா அத்தை."

அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே கேள்வி. இவகிட்ட, நீ கேக்கலையேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. காப்பி போட எந்திரிச்சுப் போயிட்டேன். காப்பி போட அவ்வளவு நேரம் ஆகாதுதான். நான் வந்தப்போ அவ அங்கயேதான் இருந்தா. ரெண்டு கிளாஸ் குடிச்சா. போகும்போது, "ராத்திரி அப்பா எங்கிட்ட ரொம்ப நேரம் பேசினாவ" அப்படின்னா. என்ன பேசினாவன்னு அவ சொல்லலை, நான் கேக்கலை.

வியாழக்கிழமை சார் போன் பண்ணினாவ. "ஞாயித்துக்கிழமை வந்து வாசி. எழுதி எல்லாம் குடுக்க வேண்டாம்."

"சரி சார்."

வைக்கப் போறாவன்னு நினைச்சேன். வைக்கலை. "பியூலாவும் வாரேன்னு சொல்லுதா. அவளைப் பாத்து ஒண்ணும் நினைச்சுக்கிட்டு இருக்காத."

"அது என் கையில இல்ல சார்" அப்படின்னேன். பிடிவாதம்னு திட்டுவாவன்னு பாத்தேன். பெருமூச்சு மட்டும்தான் கேட்டுச்சு.

அது போன ஞாயித்துக்கிழமை. திருவிருந்து இருந்துச்சு, அப்பமும் ரசமும் குடுப்பாவ பாருங்க, அது. எங்க கோயில்ல வரிசை வரிசையா எந்திரிச்சுப் பீடத்துக்குப் போயி முழங்கால் போட்டு வாங்குவோம். அதுவரைக்கும் மெதுவா ஒரு கீர்த்தனை ஓடிக்கிட்டே இருக்கும். கண்ணாடியைப் பழையபடி திருப்பி வச்சிருந்தேன். பியூலா அவ அம்மா பக்கத்துல இருந்தா. அவ வரிசை எந்திரிச்சுது. அம்மா போனா. அவ எந்திரிக்கலை. அடுத்த வரிசை, அதுக்கடுத்த வரிசை, எல்லாரும் போயி வந்தாச்சு. நான் கடைசி சரணத்துக்கு வந்துட்டேன். ஐயர் பாத்திரத்தை வெள்ளைத் துணியால மூடப் போறாவ. அப்ப எந்திரிக்கா. தனியா.

நான் பாட்டை முடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு பெரிய கோயில், ஒரு சத்தம் இல்லாம, அவ ஒருத்தி நடந்து போகணும், ஊரே திரும்பிப் பாக்கும். நான் முடிக்கலை. முதல் சரணத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சேன். பாட்டுக் குழு என்னைப் பாத்து முழிக்கி. ரெண்டு பேரு பாட ஆரம்பிச்சாவ, அப்புறம் எல்லாரும் பாடினாவ. சார் தலையைத் தூக்கி என் கண்ணாடியைப் பாத்தாவ. நானும் பாத்தேன். நிப்பாட்டலை. அவ போயி, வாங்கி, எந்திரிச்சு, திரும்பி வந்து உக்காருத வரைக்கும் வாசிச்சேன். மூணு சரணம்.

அப்ப என்ன நினைச்சேன்னா கேக்கிய? பீடத்துப் படியில நூத்தம்பதாவது வருஷத்துக்குன்னு புதுசா கிரானைட்டு போட்டிருக்காவ. வழுக்கும். ரெண்டு பேரு ஏற்கெனவே விழுந்துட்டாவ. அவ இறங்கும்போது பாத்து இறங்கு, கம்பியைப் பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோன்னு நினைச்சேன். மூணு சரணமும் அதேதான். பக்தியா ஒண்ணும் நினைக்கலை.